மஞ்ச கடுதாசி குடுத்தா வீடு தப்பிக்காது

இ.எம்.ஐ ரெண்டு மாசம் நின்னுபோச்சுன்னா போதும், யாராவது ஒருத்தர் வந்து காதுல ஓதுவாங்க, "பேசாம மஞ்ச கடுதாசி குடுத்துடு, ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்"னு. மஞ்ச கடுதாசின்னா கடன கட்ட முடியாதுன்னு கோர்ட்ல திவால் மனு போடறது. தயவுசெஞ்சு கேக்காதீங்க. கைமாத்து, சீட்டுப் பாக்கி மாதிரி அடமானம் இல்லாத கடனுக்கு அது ஏதோ உதவலாம், ஆனா பத்திரத்த பேங்க்ல வச்சு வாங்கின கடனுக்கு உதவாது, நீங்க திவால் மனு போட்டாலும் அடமான சொத்த விக்கிற உரிமை பேங்க்குக்கு அப்படியே இருக்கும். வக்கீல் பீஸும் போய் பேரும் போய் கடைசில வீடும் போகும்.

எங்க சொந்தத்துல ஒரு அண்ணன், திருப்பூர்ல பனியன் ஜாப் ஒர்க். ஆர்டர் இல்லாம டியூ நின்னு 90 நாள் தாண்டி கணக்கு என்.பி.ஏ, அதாவது வராக்கடன் ஆயிடுச்சு, அப்புறம் கோர்ட்டுக்குப் போகாமலே அடமான சொத்த விக்க பேங்க்குக்கு வழி குடுக்கற 2002 சர்ஃபேசி சட்டப்படி 13(2) நோட்டீஸ், பாக்கிய கட்ட 60 நாள் டைம். வாங்கலன்னா நோட்டீஸ் செல்லாதுன்னு யாரோ சொன்னத நம்பி ரிஜிஸ்டர் தபால திருப்பி அனுப்பிட்டார். கொஞ்ச நாள்ல அதே நோட்டீஸ் கேட்ல ஒட்டியிருந்துச்சு, தெருவே நின்னு படிச்சுது, அண்ணி நகத்தால சுரண்டிப் பாத்தாங்க, பாதிதான் வந்துச்சு.

நோட்டீஸ கட்டாயம் வாங்குங்க. கணக்குல தப்பு இருந்தா எழுத்துல ஆட்சேபம் குடுங்க, 15 நாளுக்குள்ள பேங்க் பதில் சொல்லியே ஆகணும். இன்னும் 90 நாள் ஆகலையா, உடனே மேனேஜர போய்ப் பாத்து தவணைக் காலத்த நீட்டிக் கேளுங்க, வருமானம் திரும்ப வரும்னு காட்ட ஏதாவது பேப்பர் கையில இருக்கட்டும். ஓ.டி.எஸ்-ஸும், அதாவது கொறச்சு ஒரே தொகையா கட்டி கடன முடிக்கிறதும், கேட்டுப் பாக்கலாம், ஆனா அத உரிமையா கேக்க முடியாது, தள்ளுபடி வாங்கி முடிச்சா சிபில்ல, நம்ம கடன் வரலாறு இருக்கற பதிவுல, முழுசா கட்டலங்கற அர்த்தத்துல 'செட்டில்டு'ன்னு நிக்கும். கந்து வட்டிக்கு வாங்கி டியூ கட்டறத மட்டும் செய்யவே செய்யாதீங்க, ஒரு கடன் ரெண்டாகும் அவ்வளவுதான்.

என்னக் கேட்டா, கட்டவே முடியாதுன்னு தெரிஞ்சுட்டா ஏலத்துக்கு விடாம நாமளே வித்துடறதுதான் நல்லது. ஏலம்னாலே வாங்க வர்றவன் அடிச்சுக் கேப்பான், ஏலத்துல வந்தது பத்தலன்னா மீதிக்கும் நம்மளத்தான் தேடி வருவாங்க. ஆனா 13(2) வந்தப்புறம் பேங்க் எழுத்துல சம்மதம் குடுக்காம விக்கக் கூடாது. அண்ணன் அதத்தான் செஞ்சார், பாக்கி எவ்வளவுன்னு லெட்டர் வாங்கி, வாங்கறவர் அந்தத் தொகைய பேங்க் பேருக்கே டிடி எடுத்து, எம்.ஓ.டி (பத்திரத்த அடமானம் வச்சதுக்கான பதிவு) கேன்சல் ரசீத ரெஜிஸ்டர் பண்ணி, அப்புறம்தான் கிரயம். மிச்சம் வந்ததுல லீஸுக்கு ஒரு வீடு பாத்து, ரெண்டு மெஷினையும் காப்பாத்திட்டார்.

ரெக்கவரி ஆளுங்க காலைல 8 மணிக்கு முன்னாடியோ ராத்திரி 7 மணிக்கு மேலயோ போன் பண்ணக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் விதியே இருக்கு, மீறினா தேதியோட குறிச்சு வச்சு பேங்க்ல புகார் குடுங்க, 30 நாள்ல சரியாகலன்னா ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேன்கிட்ட, அதாவது குறைதீர்ப்பாளர்கிட்ட போங்க.

பேங்க் வீட்ட பொசஷன் எடுத்துட்டாலும் 45 நாளுக்குள்ள டி.ஆர்.டி, அதாவது கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், சென்னை, கோயம்புத்தூர், மதுரைல இருக்கு, ஸ்டே கேட்டா பெரும்பாலும் ஒரு பகுதிய கட்டச் சொல்லுவாங்க, அதுக்குப் பணம் ரெடி பண்ணிக்கிட்டுப் போங்க. ஏல நோட்டீஸ் பேப்பர்ல வர்றதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சிடணும், வந்தப்புறம் முழுப் பணத்தோட போய் நின்னாலும் வீட்ட மீட்கற உரிமை சட்டப்படி நமக்கு இல்ல.