அட்டாவின் மார்பில் தொங்கும் முகம்

1980களின் தொடக்கத்தில் நைஜீரியாவுக்கு வாத்தியார் வேலைக்குப் போன தமிழர்களில் நானும் ஒருத்தன். எண்ணெய்ப் பணம் கொழித்த காலம். நைரா டாலரை விட மதிப்பாக இருந்தது. ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டுக் கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆள் கிடைக்காமல், இந்தியாவுக்கே வந்து இன்டர்வியூ வைத்து அழைத்துப்போனார்கள். எனக்கு விழுந்த ஊர் இடா. நைஜர் ஆற்றின் கிழக்குக் கரையில், மேட்டின் மேல் இருக்கிற இகாலா மக்களின் பழைய தலைநகரம். 1976 வரை குவாரா மாநிலம், நான் போனபோது பெனுவே, 1991இலிருந்து கோகி. ஊருக்கு மேலே இருக்கிற மாநிலம் மாறிக்கொண்டே இருந்ததே தவிர, அட்டாவின் அரண்மனை அங்கேயேதான் இருந்தது.

அட்டா என்றால் இகாலாக்களின் அரசர். அப்போது இருந்தவர் அல்ஹாஜி அலியு ஒபாஜே. 1956இல் பட்டத்துக்கு வந்து 2012இல் இறக்கும்வரை அவர்தான். சடங்கு நாள்களில் அவர் மார்பில் ஒரு பித்தளை முகம் தொங்கும். எஜூபெஜூஅய்லோ என்று பெயர். பார்க்கிறவர் கண்ணை அஞ்ச வைக்கிற கண் என்று எனக்கு விளக்கினார்கள். விழாக் கூட்டத்தில் பின்னால் நின்று எட்டிப் பார்த்தவனுக்கே அந்த முகம் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அரசர் ஒரு பக்கம் பார்க்க, அது நேராக நம்மைப் பார்க்கிறது.

ஆனால் என்னை உலுக்கியது வேறு. அந்த முகம் இகாலாக்கள் வார்த்தது இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், இன்றைய நைஜீரியாவுக்குள்ளேயே இருந்த பெனின் அரசின் வார்ப்பு, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது என்பதுதான் கலை வரலாற்றாளர்களிடையே பரவலான கருத்து. பெனின் ராஜமாதா இடியாவின் தந்த முகங்கள் என்று புகழ்பெற்றவை இருக்கின்றன அல்லவா, கிட்டத்தட்ட அதே காலத்தவை. 1897இல் ஆங்கிலேயர் பெனினைக் கொளுத்திக் கொள்ளையடித்தபோது அவற்றை எடுத்துப் போனார்கள்; ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில், இன்னொன்று நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில். 1977இல் லாகோஸில் நடந்த ஃபெஸ்டாக் என்ற ஆப்பிரிக்கக் கலை விழாவுக்கு அந்த முகத்தைத்தான் சின்னமாக வைத்தார்கள், லண்டனோ அசலை இரவலாகக்கூடத் தரவில்லை. அந்த ஆத்திரம் நான் போன காலத்திலும் ஸ்டாஃப் ரூமில் சூடாகவே இருந்தது. இடாவில் இருந்த முகம் தப்பிவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் போகாமல் இன்னும் ஒரு அரசரின் கழுத்தில் கிடக்கிறது.

சரி, பெனின் முகம் இகாலா அரசரிடம் எப்படி வந்தது? இதைக் கேட்டால் எங்கள் ஸ்டாஃப் ரூமில் அன்றைக்கு யாரும் நோட்டுத் திருத்த மாட்டார்கள். எனக்கு அடுத்த மேசை வரலாற்று ஆசிரியர் ஆற்றின் அக்கரைக்காரர், பெனின்காரர்களின் மொழியான எடோ பேசுகிறவர். அவர் சொல்கிற கதை இது. ஒபா (பெனின் அரசர் பட்டம்) எசிகி பெனினை ஆண்ட காலம், 1515-16 வாக்கில். ஒலிஹா என்ற பெரிய பிரபு தன் மனைவியின் கற்பைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருக்க, அரசர் விளையாட்டாக ஆள் அனுப்பி அதைச் சோதித்துவிட்டார். மனைவி சோதனையில் தேறவில்லை. அவமானம் தாங்காத ஒலிஹா இடாவின் அட்டாவை பெனின் மேல் படையெடுக்கத் தூண்டிவிட்டார். எசிகி போருக்குக் கிளம்பும்போது ஒரு பறவை தலைக்கு மேலே கத்தி, தோல்வி வரும் என்று குறி சொன்னது. எசிகி அதை அடித்துக் கொல்லச் சொல்லிவிட்டுப் போய், தாய் இடியாவின் துணையோடும் போர்த்துகீசியரின் உதவியோடும் ஜெயித்துவிட்டார். அந்தப் பறவையைப் பித்தளையில் வார்த்து, அதைத் தட்டி ஒலி எழுப்புகிற விழா பெனின் அரண்மனையில் உண்டு. "தோற்றவன் கழுத்தில் மாட்டிவிட்ட முகம் ஐயா அது, யார் பெரியவன் என்று மறந்துவிடக் கூடாதே" என்று முடிப்பார்.

புவியியல் ஆசிரியர் இகாலா. அவருக்கு இது ஆகாது. எங்கள் படை பெனின் வாசல்வரை போனதை ஏன் சொல்லவில்லை என்று ஆரம்பிப்பார். பிறகு சமாதானம் ஆனது, ஒரு அரசர் இன்னொரு அரசருக்குத் தந்த மரியாதை அது, அடிமைக்கு யாராவது இவ்வளவு நல்ல வேலைப்பாட்டைக் கொடுப்பார்களா என்பார். கடைசிக் கேள்வி நல்ல கேள்வி என்றே எனக்கு இன்றும் படுகிறது.

நான் இயற்பியல்காரன். ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஜாதி. ஆனால் அந்த ஊரில் யாரிடம் கேட்டாலும், விடையோடு சேர்த்து அவருடைய குடும்பமும் வந்தது. புவியியல் ஆசிரியர் அரச குடும்பத்துக் கிளை. அயேக்பா என்ற பழைய அட்டாவின் வழிவந்த நான்கு குடும்பங்களுக்குள்தான் பட்டம் சுற்றி வரும். அவருக்கு அரச வம்சம் கிழக்கே வுகாரியில் இருந்த ஜுகுன் இன மக்களிடமிருந்து வந்தது, மூதாதை அபுட்டு எஜே சிறுத்தையின் வழி. லேப் அட்டெண்டர் இகாலா மேலா என்கிற ஒன்பது குலங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். நிலத்துக்கு மூத்தவர்கள் அவர்கள், அரசரைத் தேர்ந்தெடுப்பவர்களும் அவர்கள்தான். அவருக்குக் கதை அங்கிருந்து தொடங்காது. "வந்தவனுக்கு நாங்கள் கொடுத்தோம்" என்பதிலிருந்துதான் தொடங்கும். அங்கே கதை என்பது பட்டா மாதிரி. யார் பெயரில் எவ்வளவு என்று அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இதைவிட ஆச்சரியம் காது. மரபுப்படி முதல் அட்டா ஒரு பெண், எபுலெஜோனு, அபுட்டு எஜேயின் மகள். அதனால் அவருக்குப் பின் வருகிற ஒவ்வொரு அட்டாவுக்கும் பட்டம் கட்டும்போது காது குத்துகிறார்கள். அச்சாடு என்று ஒரு பதவி உண்டு, அரசரை அமர்த்துகிறவர்களில் தலைமையானவர். அந்தப் பதவியின் முதல் ஆள் இக்போ இனத்து வேட்டைக்காரர், எபுலெஜோனுவை மணந்துகொண்டவர் என்பது கதை. அந்த உறவு இன்னும் முறிக்கப்படவில்லை, அட்டாவுக்கு அச்சாடு கணவர் முறை. வளர்ந்த ஆண், அல்ஹாஜி, வீட்டில் மனைவிமார் உண்டு, அரண்மனைக் கணக்கிலோ அவர் ஒருவருக்கு மனைவி. என் மாணவர்கள் இதைச் சொல்லும்போது ஒருத்தன்கூடச் சிரிக்கவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஊரில் நான் பார்த்த அதிகாரச் சின்னமெல்லாம் ஆளைத் தூக்கிக் காட்டுபவைதான். எங்கள் பிரின்சிபலுக்குக்கூடச் சுழல் நாற்காலி, தனிக் கோப்பை, மேசை மணி. அட்டாவின் உடம்பில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தால், இன்னாருக்கு நீ கடன்பட்டிருக்கிறாய் என்றுதான் ஒவ்வொன்றும் சொல்கிறது: பக்கத்து நாட்டுக்காரன் வார்த்த முகம், ஒரு பெண்ணிடமிருந்து வந்த காது. ஒபாஜேக்கு முன் இருந்த அமே ஒபோனி காலனி அரசோடு முரண்பட்டு 1956இல் தற்கொலை செய்துகொண்டார். வெள்ளைக்காரர் முன்னால் தொப்பியைக் கழற்ற மறுத்தவர் என்று அவரைப் பற்றிப் பல மாதிரியாகச் சொல்வார்கள். பிடிவாதம் என்று நான் ஒருமுறை சொன்னபோது லேப் அட்டெண்டர் கோபப்பட்டார். தொப்பி அவருடையதாக இருந்தால்தானே அவர் கழற்றலாம் என்றார்.

ஒபாஜேக்குப் பிறகு 2013இல் அமே ஒபோனியின் மகன் மைக்கேல் வந்தார், 2020இல் அவரும் போய்விட்டார். இப்போது மாத்யூ ஒபலுவா. பழைய சடங்குகள் முடிந்த பிறகு மாநில ஆளுநர் வந்து ஒரு செங்கோலைக் கையில் கொடுத்தால்தான் அரசாங்கக் கணக்கில் அவர் அட்டா. கடன் பட்டியலில் புது வரி. இதைப் பற்றிப் புவியியல் ஆசிரியரிடம் போனில் பேசினேன், வயதாகிவிட்டது, காது சரியாகக் கேட்பதில்லை. "ஆளுநர் நான்கு வருஷம் இருப்பான், அவன் கொடுத்த கம்பை யார் பார்க்கிறார்கள்" என்று கத்தினார். அப்புறம் அக்கரைக்கார வரலாற்று ஆசிரியர் இன்னும் அதே பொய்யைச் சொல்லிக்கொண்டு திரிகிறாரா என்று விசாரித்தார்.