எண்ணூரிலிருந்து புழலுக்கு, தண்ணீர் வந்த வழியே

மழை விட்ட மறுநாள் காலை எண்ணூர் கழிமுகத்திலிருந்து வண்டியை எடுத்தேன். புழல் ஏரியின் உபரிநீர் கடலுக்கு வரும் கால்வாயை ஒட்டியே எதிர்த்திசையில் போய் ஏரியைப் பார்த்துவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகைத் தடவிப் பார்த்தேன். அத்தனை மழை பெய்தும் பலகை இடுக்குகளில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் சேறாகப் படிந்திருந்தது. மொட்டைமாடியில் காயவைத்த வடகத்திலிருந்து அம்மா ஊதி ஊதித் தட்டியதும் இந்தச் சாம்பலைத்தான். ஊருக்கெல்லாம் வெளிச்சம் போக, கரி மட்டும் எங்களோடு தங்கிவிட்டது.

சடையங்குப்பம், மணலி, கொசப்பூர், வடபெரும்பாக்கம் என்று வண்டி போனது. கால்வாய் நெடுக ஆகாயத்தாமரை.

புழலில் ஷட்டரைச் சிறிதளவே தூக்கியிருந்தார்கள். அந்த இடுக்கிலிருந்து தண்ணீர் வெண்ணுரையாகச் சீறியது. சாலையோரக் கம்பியைப் பிடித்தபோது உள்ளங்கையில் அதிர்வு ஏறியது. குடையை ஊன்றி நின்றிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்:

"இவ்வளவு வேகமாக ஓடுகிறதே தம்பி, இதில் கரண்ட் எடுக்க முடியாதா?"

"எடுக்கலாம் ஐயா. ஆனால் சென்னைக்குக் காணாது."

இந்த ஏரியின் முழு ஆழம் 21.2 அடி, அதாவது ஏறக்குறைய ஆறரை மீட்டர். நொடிக்கு 1,000 லிட்டர் தண்ணீர் 6 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 59 கிலோவாட். தண்ணீர் சுழற்றும் டர்பைனிலும் ஜெனரேட்டரிலும் இழப்பது போக 45 தேறும். நகரத்துக்கு அது ஒரு பொட்டு. மலைமேல் இருக்கும் சிற்றூருக்கோ வீட்டு விளக்குகள், பள்ளிக்கூடம், மாவு மில் எல்லாம் அதிலேயே ஓடும்.

அவர் முகம் மாறியது. மகளைக் கட்டிக்கொடுத்தது ஜவ்வாது மலையிலாம். காட்டுக்குள் ஒரு மரம் கம்பிமேல் சாய்ந்தால் இரண்டு மூன்று நாள் இருட்டுதான் என்றார்.

அந்த மலைக்குத் தெற்கே, தென்பெண்ணையில் இருக்கிறது சாத்தனூர் அணை. பாசனத்துக்கென்று கட்டிய அந்த அணையில் பிற்பாடு 7.5 மெகாவாட் மின்நிலையம் அமைத்தார்கள். 1959இல் திறந்த வைகை அணையிலும் அப்படித்தான், 6 மெகாவாட். எனக்கு இந்த வழிதான் நியாயமாகப் படுகிறது. அணை என்றால் பெருஞ்செலவு சுவருக்கு. பெருந்துயரம் மூழ்கும் நிலத்துக்கு. இரண்டையும் நம் முன்னோர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். மதகிலிருந்து ஓர் இரும்புக் குழாய், தாழ்ந்த உயரத்துக்கு ஏற்ற கப்லான் டர்பைன், சிறிய கட்டடம் ஒன்று, இவைதான் புதிதாக வேண்டியவை. சுழற்றிவிட்டு வரும் தண்ணீர் ஒரு சொட்டும் குறையாமல் வயலுக்கே போகும்.

மதகை மூடினால் மின்சாரமும் நின்றுவிடும் என்பது உண்மை. கோடையில் சூரியத் தகடுகள் கைகொடுக்க வேண்டும். அதைவிட என்னை உறுத்துவது வேறு: அணையில் பிறக்கும் மின்சாரம் பெரிய கம்பிகளில் ஏறித் தொலைவுக்குப் போகிறது, பக்கத்து மலை அந்த நீண்ட கம்பியின் கடைசி நுனியில் காத்துக் கிடக்கிறது. மரம் விழுந்தாலும் அணையடி ஊர்கள் தனியே ஒளிரும்படி ஒரு சிறிய மின்கம்பி வலை பின்னித் தர வேண்டும். முதல் உரிமை அவர்களுக்குத்தான்.

பெரியவர் சட்டைப்பையிலிருந்து பழைய பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"அந்தக் கணக்கை இதில் எழுதிக்கொடு தம்பி. பொங்கலுக்குப் போகும்போது மாப்பிள்ளையிடம் காட்டுகிறேன்."

எழுத்து நனையாமலிருக்க அவர் குடையைப் பிடித்துக்கொண்டார். 1,000 லிட்டர், 6 மீட்டர், 45 கிலோவாட் என்று எழுதிக் கொடுத்தேன்.