கண்ணளவும் புதிய அடுப்பும்

வீட்டில் நாள்தோறும் சமைப்பவர்கள் பெரும்பாலும் எதையும் அளப்பதில்லை. உப்பை விரல் நுனி எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் போதும் என்பதைக் கண் சொல்லிவிடுகிறது. வெங்காயம் வதங்கிவிட்டதை அடுத்த அறையில் இருக்கும்போதே மூக்கு அறிந்துகொள்கிறது. பல ஆண்டுப் பழக்கத்தால் வந்த இந்தத் தேர்ச்சி நமக்கே உரியது, எங்கே போனாலும் கூடவே வரும் என்றுதான் நாடு விட்டு நாடு வந்த என்னைப் போன்றவர்கள் எண்ணுகிறோம். அதில் ஏறக்குறையப் பாதி, பழைய அடுப்பையும் பழைய குழாய்த் தண்ணீரையும் பழைய சமையலறையின் வெப்பத்தையும் சார்ந்திருந்தது என்பது வந்து சேர்ந்த பிறகே தெரிய வருகிறது.

அடுப்பிலிருந்தே தொடங்குகிறேன். சுடரின் உயரத்தைப் பார்த்தே சமைத்துப் பழகியவருக்கு, கண்ணாடிப் பரப்புக்குக் கீழே கம்பிச் சுருள் சிவக்கும் மின்னடுப்பு எந்தக் குறிப்பும் தருவதில்லை. நான் குடியேறிய முதல் வாடகை வீட்டில் அத்தகைய அடுப்புதான் இருந்தது. அது சூடேற நேரம் எடுத்துக்கொள்ளும். அணைத்த பின்பும் சூட்டை எளிதில் விடாது. ஆகவே பால் பொங்கி வரும்போது குமிழைத் திருப்பிப் பயனில்லை, பாத்திரத்தையே நகர்த்தி வைக்க வேண்டும். இன்டக்‌ஷன் அடுப்பின் குணம் இதற்கு நேர் எதிரானது. அதன் சுருளில் உண்டாகும் மாறும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியிலேயே மின்னோட்டத்தைத் தூண்டி, பாத்திரத்தையே சூடாக்குகிறது. அடுப்பைக் குறைத்த கணத்தில் கொதியும் அடங்கிவிடும். ஆனால் காந்தம் ஒட்டும் அடிப்பாகம் அதற்குத் தேவை. அலுமினியமும் செம்பும் அதன்மேல் சும்மா இருக்கும். எவர்சில்வரிலும் சில வகைகள் சூடாவதில்லை. பெட்டியில் எடை கட்டிச் சுமந்து வந்த பாத்திரங்களில் எவை இனி அடுப்பேறும், எவை பரணேறும் என்பதை ஒரு சிறு காந்தத்தை வைத்தே முடிவு செய்துவிடலாம். புறப்படும் முன்பே இதைச் செய்துவிட்டால் விமானத்தில் எடையும் மிச்சமாகும்.

தண்ணீரைப் பற்றி யாரும் முன்கூட்டி எச்சரிப்பதில்லை. பருப்போ பயறோ எவ்வளவு நேரம் வெந்தும் மலராமல் நின்றால், கடைச்சரக்கு பழசு என்று சொல்லிவிடுகிறோம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கெட்டிலின் உட்புறத்தில் வெள்ளைப் படிவு ஏறுகிற ஊரில், குழாய் நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் செல் சுவர்களை ஒட்டி நிறுத்தும் பெக்டின் என்ற பொருளோடு பிணைந்து அதை இறுக்கிவிடுகின்றன. இவற்றை நீக்கும் வடிகட்டியில் வடித்த நீரில் வேக வைத்தால் வேறுபாடு உடனே தெரியும். ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் உதவும். கை தாராளமானால் சோப்புச் சுவை வந்துவிடும். புளிப்பான எதையும் பருப்பு வெந்த பிறகே சேர்க்க வேண்டும் என்ற பழைய வழக்கத்துக்கும் பெக்டின்தான் காரணம், ஏனெனில் அமிலமும் அதைக் கரையவிடாமல் தடுக்கிறது. மேட்டு நிலங்களில் குடியேறியவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை குறைந்துகொண்டே போகிறது. 1,500 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 95 டிகிரி செல்சியஸிலேயே தண்ணீர் தளதளவென்று கொதித்துவிடும். தீயை எவ்வளவு கூட்டினாலும் அதற்குமேல் சூடு ஏறாது. உள்ளே 120 டிகிரி வரை ஏறும் பிரஷர் குக்கரின் அருமை அங்கேதான் முழுமையாக விளங்கும்.

கண்ணளவு கைவிட்டதும் எல்லோரும் சமையல் குறிப்புகளை நாடுகிறோம். அங்கே அளவுகள் நம்மைச் சோதிக்கின்றன. அமெரிக்கக் குறிப்பில் ஒரு கப் என்பது சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. மேசைக்கரண்டி பல நாடுகளில் 15 மில்லியாக இருக்க, ஆஸ்திரேலியாவில் அது 20 மில்லி. ஓவன் வெப்பநிலையை ஒருவர் செல்சியஸிலும் மற்றொருவர் ஃபாரன்ஹீட்டிலும் சொல்கிறார். விசிறியுள்ள ஓவனாக இருந்தால் குறிப்பில் உள்ளதைவிட 20 டிகிரி செல்சியஸ் குறைத்து வைக்க வேண்டும் என்பதைப் பலர் சொல்வதே இல்லை. புதிதாக வருகிறவர் எந்தக் கருவியை முதலில் வாங்கலாம் என்று கேட்டால், கிராமில் எடை காட்டும் சிறிய தராசு என்றே சொல்வேன். பளபளக்கும் மற்ற கருவிகள் காத்திருக்கலாம்; அவற்றில் பெரும்பாலானவை அலமாரியில் காத்திருக்கத்தான் போகின்றன.

பழக்கங்களில் மிகப் பெரிய மாற்றம் நேரத்தைப் பொறுத்தது. அன்றாடம் புதிதாகச் சமைத்து வந்தவர்கள்கூட, வேலையும் நீண்ட பயணமும் குளிர்காலமும் சேர்ந்துகொள்ளும்போது, விடுமுறை நாளில் மொத்தமாகச் சமைத்து உறைய வைக்கும் முறைக்கு மெல்ல வந்து சேர்கிறார்கள். இதில் சுவையைவிடப் பாதுகாப்புதான் எனக்குக் கவலை தருகிறது. பெரிய பாத்திரத்தில் மூடி வைத்த சோற்றின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். அரிசியில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியையும் தாங்கி, அந்த வெதுவெதுப்பில் பெருகுகின்றன. அவை உண்டாக்கும் ஒருவகை நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. அகலமான, ஆழம் குறைந்த பாத்திரங்களில் பரப்பி ஆறவைத்து, அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். வெளியே குளிராக இருக்கிறதே என்று அடுப்பு மேடையிலேயே விட்டுவைப்பவர்கள், வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுவதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆசைகளைப் பற்றிப் பேசும்போது பண்டிகை விருந்தும் படம் எடுத்துப் பகிரத்தக்க தட்டுமே முன்னால் வந்து நிற்கின்றன. புலம்பெயர்ந்தவர்களின் சமையலறைகளில் நான் கண்டவரை, விட்டு வந்த வீட்டின் சுவையை அப்படியே வரவழைக்க வேண்டும், அக்கம்பக்கத்தார் சமைப்பதையும் கற்றுக்கொள்ள வேண்டும், உணவகத்தில் தின்றதை வீட்டில் செய்துவிட வேண்டும் என்று ஆசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கடைசி ஆசையில்தான் ஏமாற்றம் அதிகம், அதற்குக் காரணம் பெரும்பாலும் கைத்திறன் அன்று. உணவகத்து அடுப்பின் வெப்பம் வீட்டு அடுப்பைப்போலப் பல மடங்கு. 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மைய்யார் விவரித்த வேதிவினையால்தான் உணவு சிவந்து மணக்கிறது. ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேலேதான் அது விரைவாக நடக்கும். வீட்டு வாணலியில் காய்களை நிறையக் கொட்டும்போது சூடு சட்டென்று இறங்கி, அவை தம் நீரிலேயே வெந்துவிடுகின்றன. இரண்டு மூன்று தவணையாக வதக்கினால் அதே அடுப்பில் நிறமும் மணமும் கிடைக்கும். நேரம் இல்லாதவருக்கு இது கசப்பான அறிவுரை என்பது எனக்குத் தெரியும்.

இந்த ஆசைகளுக்கெல்லாம் அடியில், பெரும்பாலோர் வாய்விட்டுச் சொல்லாத ஓர் ஆசை இருக்கிறது. வேலை முடிந்து வரும் சாதாரண மாலையில், குறிப்பைத் திறக்காமல், கடிகாரத்தைப் பார்க்காமல், அரை மணி நேரத்தில் எல்லோரும் முகம் சுளிக்காமல் உண்ணக்கூடிய ஒன்றைச் செய்துவிட முடிய வேண்டும் என்பதே அது. புதிய நாட்டில் வேரூன்றிவிட்டோமா என்பதைக் குடியுரிமைச் சான்றிதழைவிட இந்த அரை மணி நேரத்தை வைத்தே நான் கணிக்கிறேன்.

வாடகை வீடுகளில் வாழ்பவர்களுக்கு இந்தத் தேர்ச்சியும் நிலையாக நிற்பதில்லை. ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் பாத்திரங்களைப் பிரித்து அடுக்குவதற்கு முன் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து நேரத்தைக் குறித்துக்கொள்கிறேன். ஓவனுக்குள் தனி வெப்பமானி ஒன்றைத் தொங்கவிட்டு, குமிழ் காட்டும் எண்ணுக்கும் உள்ளிருக்கும் சூட்டுக்கும் எவ்வளவு வேறுபாடு என்று பார்க்கிறேன். முந்தைய குடித்தனக்காரர் கெட்டிலை விட்டுப் போயிருந்தால் அதன் அடியையும் பார்த்துவிடுகிறேன். எந்தத் தண்ணீரில் பருப்பை ஊறவைப்பது என்பதை அது சொல்லிவிடும்.