நயா பைசாவில் இரட்டை எழுத்து

12.01.2025, ஞாயிறு
கோவை உக்கடத்தில் பழைய சாமான் கடையில் ஒரு டப்பா நிறையச் செப்புக்காசு வாங்கினேன். பாதிக்கு மேல் ஒரு நயா பைசா, மிச்சம் ஐந்தாம் ஜார்ஜ் தம்பிடி. கடைக்காரர் எழுத்து இரட்டையாகத் தெரியும் 1957 காசு ஒன்றை மட்டும் தனியாக வைத்திருந்தார். “டபுள் டைங்ணா இது, ஆயிரத்துக்குப் போகும்” என்றார். “அதையும் டப்பாவிலயே போட்டுக் குடுங்ணா” என்றேன். சிரித்துக்கொண்டே போட்டுவிட்டார்.

13.01.2025, போகி
காப்புக் கட்டி முடிந்ததும் பத்து மடங்கு லென்ஸோடு உட்கார்ந்தேன். கடைக்காரர் ஆயிரம் சொன்ன காசில் 7-க்குப் பக்கத்தில் இன்னொரு 7 தெரியத்தான் செய்கிறது. ஆனால் அது திண்ணை மாதிரி தட்டையாக, எழுத்தைவிடத் தாழ்வாகக் கிடக்கிறது. உண்மையான 7 அந்தப் பக்கம் ஒல்லியாகிவிட்டது. அடிக்கும்போது அச்சு ஆடி, எழுத்தின் ஓரத்தை நசுக்கியிருக்கிறது, அவ்வளவுதான். டப்பாவில் இப்படி நிறைய உண்டு. இதற்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

நிஜமான டபுள் டை காசு அடிப்பதற்கு முன்பே, அச்சு செய்யும்போதே உண்டாவது. அந்தக் காலத்தில் மூல அச்சைக் காசு அடிக்கும் அச்சில் ஒரே அழுத்தில் முழுதாகப் பதிக்க முடியாது. காசு அச்சைச் சூடாக்கி இளக்கி மறுபடி அழுத்துவார்கள். இரண்டாவது அழுத்து கொஞ்சம் திரும்பிவிட்டால் அச்சிலேயே இரண்டு உருவம். எழுத்து தடிக்கும், முனையில் பிளவு விழும், இரண்டும் உருண்டு நிற்கும். அமெரிக்காவில் 1955-ல் பிலடெல்பியாவில் அடித்த சென்ட் காசு சிலவற்றில் ஆண்டும் வாசகமும் லென்ஸ் இல்லாமலே இரண்டாகத் தெரியும். பின்பக்கம் சுத்தமாக ஒற்றை.

15.01.2025, பட்டிப் பொங்கல்
“பாத்திரத்தோட புளி போட்டுத் தேச்சுக் குடுக்கட்டுமா கண்ணு?” என்று அம்மா கேட்டார். வேண்டவே வேண்டாம் என்று டப்பாவை எடுத்து உள்ளே வைத்தேன். புளி பட்டால் மேல்தோல் போய்விடும், அப்புறம் லென்ஸில் பார்த்து என்ன பிரயோஜனம்?

19.01.2025, ஞாயிறு
1961 பம்பாய்க் காசு ஒன்று, ஆண்டுக்குக் கீழே பம்பாய் நாணயச்சாலையின் வைரக்குறி இருப்பது. ‘பைசா’ என்ற இந்தி எழுத்தின் மேல்கோடு வலது முனையில் பிளந்திருக்கிறது. இரண்டு பிரியும் ஒரே உயரம், கோடும் ஒல்லியாகவில்லை. நல்ல அறிகுறிதான். ஆனால் ஒரே காசை வைத்துச் சொல்வது சரியில்லை. டபுள் டை என்றால் அதே அச்சில் அடித்த இன்னொரு காசிலும் அதே இடத்தில் அதே பிளவு இருக்க வேண்டும். இதில் விளிம்பிலிருந்து 1-ஐ நோக்கி மெல்லிய அச்சு விரிசல் (அச்சு வெடித்த இடம் காசில் மேடான கோடாக விழுவது) ஒன்றும் ஓடுகிறது. ஜோடி தேட அது அடையாளம். 1961 பம்பாய் வைத்திருப்பவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். தேய்த்த காசாக இருந்தாலும் பரவாயில்லை.