தடைக்காலக் குறிப்புகள்

ஏப்ரல் 17

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, போட்டுகளெல்லாம் கரையோரம் கட்டப்பட்டு, மடி வலைகளை இறக்கிக் கிழிசல் பார்க்க ஆட்கள் கூடியிருந்த வேளையில், கடலில் ஒருநாளும் படுக்காத தம்பி கரையில் விழுந்துவிட்டான். பெரிய பாரம் எதையும் தூக்கவில்லை. கீழே கிடந்த கயிற்றுச் சுருளைக் குனிந்து எடுத்துக்கொண்டே பக்கவாட்டில் திரும்பினானாம். இடுப்பில் மின்னல் வெட்டியது போலிருந்ததாம். வலி வலது பிட்டத்தில் தொடங்கி, தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலைக் கடந்து பெருவிரல்வரை ஓடுகிறது. தெருக்கோடியில் இரட்டைப் பிள்ளை பெற்றவரை அழைத்துச் சுளுக்கு எடுக்கவேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நிற்கிறார்.

ஏப்ரல் 19

சிறுநீர் போவதில் தடை உண்டா என்று கேட்டேன். தடையில்லை என்றான், இனி அதைக் கேட்காதே என்றும் சொன்னான்.

ஏப்ரல் 22

ராமநாதபுரம் போய் வந்தோம். டாக்டர் அவனை மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் வலது காலை மெல்ல உயர்த்தினார். பாதி உயரம்கூடப் போகவில்லை, அலறிவிட்டான். பிறகு குதிகாலால் நடக்கச் சொன்னார், முன்பாதத்தால் நடக்கச் சொன்னார், பெருவிரலைத் தன் விரலால் அழுத்திக்கொண்டு மேலே தூக்கச் சொன்னார். இடுப்பின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துகிறது என்பது அவருடைய கணிப்பு. மாத்திரை எழுதினார். படுத்தே கிடக்கக் கூடாது, வலி பொறுக்கும் அளவுக்கு நடமாடவேண்டும் என்றார். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தொய்ந்தாலோ இரவு பகல் பாராமல் உடனே வரவேண்டும் என்று சொன்னது என்னிடம்தான். தம்பி அப்போது சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை என்பதில் அவனுக்கு மிகுந்த மனக்குறை. வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்தாலும் பலருக்கு வட்டு பிதுங்கியிருப்பது தெரியும், ஆகவே படம் மட்டும் நோயைச் சொல்லிவிடாது என்று எடுத்துச் சொன்னேன். இவ்வளவு தூரம் பஸ்ஸில் குலுங்கி வந்ததற்கு ஒரு படமாவது எடுத்திருக்கலாம் என்றான்.

ஏப்ரல் 27

சிங்கப்பூரிலிருக்கும் மச்சான் அனுப்பிய வீடியோக்களை இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒருவரைக் குப்புறப் படுக்கவைத்து அழுத்துகிறார்கள், சடசடவென்று சத்தம் வருகிறது, எழுந்தவர் கண்ணீரோடு சிரிக்கிறார். தனக்கும் அந்த ஒரு சத்தம் கேட்டுவிட்டால் போதும் என்று நம்பத் தொடங்கிவிட்டான்.

கைரோபிராக்டிக் என்னும் இந்த முறை 1895 இல், அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் பிறந்தது. காந்தத்தால் நோய் தீர்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்த டி. டி. பால்மர் என்பவர், காது மந்தமான ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பைத் தட்டிச் சரிசெய்ததில் அவருக்குக் கேட்கும் திறன் திரும்பியது என்பது அவர்கள் சொல்லும் தொடக்கக் கதை. செவியிலிருந்து போகும் நரம்பு மண்டையோட்டுக்கு உள்ளேயே மூளையைச் சேர்ந்துவிடுகிறது, முதுகுப் பக்கம் வருவதேயில்லை. அதனால் இந்தக் கதையை நான் ஏற்கவில்லை. எலும்பு விலகுவதே எல்லா நோய்க்கும் மூலம் என்று பால்மர் சொன்னதையும் ஏற்கவில்லை. சத்தத்தைப் பொறுத்தவரை, மூட்டுகளுக்கு உள்ளேயிருக்கும் வழுவழுப்பான நீரில் திடீரென அழுத்தம் குறைந்து, கரைந்திருந்த வாயு குமிழாக விரியும்போது எழுவது அது. விலகிய எலும்பு தன் இடத்தில் போய் உட்காரும் ஓசை அன்று. விரல் மூட்டைச் சொடக்கும்போது நிகழ்வதை 2015 இல் எம்.ஆர்.ஐ. கருவியிலேயே படம்பிடித்துக் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் முழுவதையும் புரளி என்று தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்க மருத்துவர் சங்கம் இவர்களைத் திட்டமிட்டு ஒதுக்கியது சட்டவிரோதம் என்று அந்நாட்டு நீதிமன்றம் 1987 இல் தீர்ப்பளித்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கு வெளியிட்ட வழிகாட்டலில், உடற்பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கம் ஆகியவற்றோடு முதுகெலும்பைக் கையால் இயக்கும் சிகிச்சையும் இடம்பெற்றிருக்கிறது. அது மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும், குறிப்பான காரணம் தெரியாத வலிக்குச் சொன்னது. தம்பிக்கு அழுத்துவதோ நரம்பு. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வீடியோவில் வரும் எவரும் சொல்வதில்லை.

ஏப்ரல் 28

கேட்டேன். தலையணையை எறிந்தான். தடையில்லை.

மே 4

முடிவெட்டப் போனவன், கடையில் வழக்கம்போலக் கழுத்தில் நெட்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். தாடையில் ஒரு கை, பின்மண்டையில் ஒரு கை வைத்து இருபுறமும் வெடுக்கென்று திருப்புவதை அவன் சிறுவயதிலிருந்தே விரும்புகிறான்.

இதைப் பற்றி எனக்கிருக்கும் பயம் இடுப்பைப் பற்றிய பயத்தைவிடப் பெரியது. கழுத்தெலும்புகள் ஏழு, அவற்றில் மேலுள்ள ஆறின் பக்கத் துளைகள் வழியாக இரண்டு தமனிகள் மூளைக்கு ஏறுகின்றன. தலையை நாம் திருப்புவதில் ஏறக்குறையப் பாதி, முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் நிகழ்கிறது. தமனி அங்கேதான் வளைந்து நெளிந்து போகிறது. வெடுக்கென்ற திருப்பலில் அதன் உட்சுவர் கிழிந்தால், அங்கே இரத்தம் உறைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். அரிதுதான். பயிற்சி பெற்ற கைரோபிராக்டர் செய்யும்போதும் அந்த அபாயம் அறவே நீங்குவதில்லை என்னும்போது, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வரும் கையை எப்படி நம்புவது? இத்தனை வருடமாக என்ன ஆகிவிட்டது என்று தம்பி கேட்கிறான். அந்தக் கேள்விக்கு எந்தப் பதிலும் எடுபடாது.

மே 9

தம்பி மனைவி தண்ணீர் வண்டி தள்ளிக்கொண்டு வந்தாள். வண்டியில் வரும்வரை குடங்களால் தொல்லையில்லை. வாசலில் இறக்கும்போது குனிந்து, ஒரு கையால் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, அந்தத் தூக்கிலேயே உடம்பைத் திருப்பி இடது இடுப்பில் ஏற்றுகிறாள். எப்போதும் இடதுதான், வலப்பக்கம் சாய்ந்து சமன்செய்கிறாள். குனிவதும் திருப்புவதும் சேர்ந்து வருவதே வட்டுக்கு ஆகாது என்கிறார்கள். அமெரிக்காவில் 1991 இல் திருத்திய கணக்கின்படி, எல்லாம் வசதியாக அமைந்த இடத்தில், உடம்பை ஒட்டி, திரும்பாமல் தூக்குவதற்கே 23 கிலோதான் உச்சம். தரையிலிருந்து தூக்கினாலோ திரும்பினாலோ அந்த அளவு மளமளவென்று குறைந்துவிடும். நிறைகுடத்தின் எடை பதினைந்து கிலோவுக்குக் குறையாது. அவளுக்கு வலி உண்டா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டபோது, யாருக்குத்தான் இல்லை என்றாள்.

மே 13

பெருவிரல் நேற்றைப்போல எதிர்த்துத் தூக்கவில்லை. என் கற்பனையோ என்று மூன்று முறை அழுத்திப் பார்த்தேன்.

மே 15

மதுரையில் கைரோபிராக்டிக் பார்க்கும் ஒருவரிடம் போகவேண்டும் என்று தம்பி முன்பே நாள் குறித்திருந்தான். எங்கே படித்தார், எத்தனை ஆண்டுகள் என்று விசாரித்த பிறகே நானும் உடன்பட்டேன். ரயிலில் அவன் பாதித் தூரம் நின்றுகொண்டே வந்தான், உட்கார்ந்தால் வலி அதிகம்.

அவர் நெடுநேரம் கேள்வி கேட்டார். டாக்டர் செய்த சோதனைகளையே மறுபடியும் செய்தார். பெருவிரலுக்கு வந்தபோது நிறுத்தி, இடதையும் வலதையும் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தார். பலம் குறைந்துவரும் கால் இருக்கும்போது இடுப்பில் கைவைக்கமாட்டேன் என்றும், முதலில் ஸ்கேன் எடுத்து டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்றும் சொல்லிவிட்டார். சத்தம் கேட்கப் போனவனுக்கு ஒரு சொடக்குகூடக் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் ராமநாதபுரம் தாண்டும்வரை அவன் என்னோடு பேசவில்லை. எனக்கு அந்த மனிதர்மேல் மதிப்பு வந்துவிட்டது.

மே 19

ஸ்கேன் வந்தது. டாக்டர் கணித்த அதே இடம். அறுவைச் சிகிச்சைக்கு இப்போது அவசரமில்லை, பிதுங்கிய பகுதி பெரும்பாலோர்க்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்கும், ஆனால் பெருவிரல் இதற்குமேல் தளர்ந்தால் பேச்சே வேறு என்றார். தினமும் பார்த்து எழுதிவைக்கச் சொன்னார். ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நான் சொல்லவில்லை.

மே 21

மாற்றமில்லை. கேட்டேன், தடையில்லை.

மே 27

பெருவிரலுக்குப் பலம் கூடியிருக்கிறது. வலி கெண்டைக்காலுக்குக் கீழே போவதில்லை. கடற்கரையில் காலையும் மாலையும் நடக்கிறான். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்தும் பயிற்சியையும், இடுப்பை வளைக்காமல் பிட்டத்தைப் பின்னே தள்ளிக் குனியும் முறையையும் இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இதற்கிடையில் மச்சான் ஒரு இடுப்புப் பெல்ட் அனுப்பியிருக்கிறார். அதே 2023 வழிகாட்டல் பெல்ட்டைப் பரிந்துரைக்கவில்லை என்று சொன்னேன். சும்மா கிடைத்ததைக் கட்டிக்கொள்வதில் என்ன நட்டம் என்று அம்மா கட்டிக்கொண்டார்.

ஜூன் 4

போட்டு முதலாளியான சம்மாட்டி வந்தார். நலம் விசாரித்தார், ஆரஞ்சுப் பழம் கொடுத்தார், வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் வாங்கிய முன்பணத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தார்.

வின்ச் எந்திரம் இழுத்துக்கொடுத்தாலும் மடியின் வாலைப் பிடித்துப் போட்டுக்குள் சாய்ப்பது மனிதர்கள்தான். கொட்டிய மீனைக் குந்தியபடியே மணிக்கணக்கில் பிரித்து, பெட்டியில் ஐஸோடு அடுக்கி, அலையில் ஆடும் தளத்தில் நின்று கீழறைக்குள் இறக்குகிறார்கள்; இரவெல்லாம் எஞ்சினின் அதிர்வு வேறு. உடற்பயிற்சி செய்தால் இடுப்புவலி மறுபடி வருவது குறையும் என்பதற்குச் சான்று உண்டு. அந்தப் பயிற்சியைச் செய்கிறவன் மறுநாள் எந்த வேலைக்குப் போகிறான் என்பதைச் சம்மாட்டியிடம் யார் கேட்பது? தம்பி அவர் எதிரில் எழுந்து நின்றான். வலியில்லாதவன்போல நின்றான்.

ஜூன் 8

பள்ளியில் நோட்டுகள் திருத்திக் கழுத்து பிடித்துக்கொண்டது. மேசைமேல் நான்கு பாடநூல்களை அடுக்கி நோட்டை உயர்த்தி வைத்தேன், குறைந்திருக்கிறது.

ஜூன் 12

ஐஸ் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். டாக்டர் இன்னும் ஆறு வாரம் என்கிறார், தம்பி போயே தீருவேன் என்கிறான். போட்டின் டிரைவரை வீட்டுக்கு அழைத்துப் பேசினேன். பெட்டியைப் பாதி மட்டும் நிரப்புவது, ஒவ்வொன்றையும் இருவர் பிடிப்பது, பிடிக்கக் கயிற்று வளையம் கட்டுவது, மீன் பிரிக்கும்போது தம்பி குந்தாமல் பலகைமேல் உட்காருவது என்று சொன்னேன். கயிறும் பலகையும் சரி என்றார். பாதிப் பெட்டி என்றால் இரண்டு மடங்கு நடை, மற்றவர்கள் முணுமுணுப்பார்கள், சம்மாட்டியிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று போனார்.

ஜூன் 13

சம்மாட்டியிடமிருந்து பதில் வரவில்லை. பலகைக்கு ஆசாரியிடம் அளவு கொடுத்துவிட்டு வந்தேன். உயரம் ஒன்றரை அடி.