பரீட்சை மாதத்தில் பிள்ளைகளைத் தூங்க விடுங்கள்

பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக் நெருங்கினால் யாங்கோனில் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பிள்ளை ராத்திரி ஒரு மணி வரை புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும், விடியற்காலை நாலு மணிக்கு அம்மா எழுப்பிவிட வேண்டும், நடுவில் கண் சொருகினால் ஊறவைத்த தேயிலையில் செய்த லபெட் தோ ஒரு தட்டு, இல்லாவிட்டால் காபி மிக்ஸ் பாக்கெட். என்னிடம் டியூஷனுக்குப் பிள்ளையை விட வரும் அம்மாக்களிடம் எத்தனை மணி நேரம் தூங்குகிறான் என்று கேட்டால், "எங்க தூங்குறான் டீச்சர், படிச்சிக்கிட்டேதான் இருக்கான்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கேட்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஏனென்றால் தூக்கத்தை வெட்டிவிட்டுப் படித்ததில் ஒரு நல்ல பங்கு மூளையில் நிற்பதே இல்லை.

காரணம் இதுதான். நாம் புதிதாகப் படிப்பதை முதலில் பிடித்துவைப்பது ஹிப்போகேம்பஸ் என்கிற சின்னப் பகுதி. மூளையின் இரண்டு பக்கமும், காதுக்கு உட்புறமாக இருக்கிறது. அது நிரந்தரமாகச் சேர்த்துவைக்கும் இடம் அல்ல. அந்தக் காலத்தில் ரங்கூன் மொகல் தெருவில் செட்டியார்கள் கடை வைத்திருந்தபோது பகலில் வந்துபோன கணக்கைச் சிட்டையில் எழுதிவிட்டு, பிறகு உட்கார்ந்து பேரேட்டில் ஏற்றுவார்கள் அல்லவா, ஹிப்போகேம்பஸ் அந்தச் சிட்டை, மூளையின் மேற்பரப்பான கார்டெக்ஸ்தான் பேரேடு. ஏற்றும் வேலை பெரும்பாலும் நடப்பது நாம் தூங்கும்போது. 1994-இல் வில்சன், மெக்னாட்டன் என்ற இருவர் எலிகளின் ஹிப்போகேம்பஸைக் கவனித்தார்கள். விழித்திருந்து நடமாடியபோது எந்தெந்த செல்கள் சேர்ந்து துடித்தனவோ, பின்னால் தூங்கும்போதும் அதே செல்கள் சேர்ந்து துடித்தன. பகலில் நடந்ததை மூளை இரவில் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது.

ஆழ்ந்த தூக்கம் அதிகம் வருவது இரவின் முன்பாதியில். கனவு வரும் தூக்கம் பின்பாதியில்தான் நீளும். ஒரு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழுகிற பிள்ளைக்கு இந்தப் பின்பாதி கிட்டத்தட்ட முழுசாகவே போய்விடுகிறது.

சரி, தூங்காமல் படித்துவிட்டு, பரீட்சை முடிந்தபின் சேர்த்துவைத்துத் தூங்கினால் போதாதா என்று சில அப்பாக்கள் கேட்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் ஸ்டிக்கோல்ட் குழுவினர் செய்த ஒரு சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. திரையில் மின்னி மறையும் கோடுகளைக் கண்டுபிடிக்கும் பயிற்சியைக் கொடுத்து, அன்று இரவு சிலரைத் தூங்கவிடவில்லை. அடுத்த இரண்டு இரவு நன்றாகத் தூங்கிவிட்டு வந்தும் அவர்களிடம் முன்னேற்றம் இல்லை, முதல் இரவே தூங்கியவர்கள் தேறிவிட்டார்கள். அது கண்ணுக்கான பயிற்சி, வரலாற்றுப் பாடம் அல்ல என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2007-இல் வாக்கர் குழு செய்தது பாடம் படிப்பதற்கு இன்னும் கிட்டத்தில் வருகிறது: ஒரு இரவு முழுக்க விழித்தவர்களுக்கு மறுநாள் வரிசையாகப் படங்களைக் காட்டினார்கள், பிறகு தூங்கவிட்டு அப்புறம்தான் சோதித்தார்கள், அப்போதும் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் அடையாளம் தெரிந்தது. படங்களைப் பார்த்த நேரத்திலேயே ஹிப்போகேம்பஸ் மந்தமாக வேலை செய்ததும் ஸ்கேனில் தெரிந்தது. அதாவது தூக்கம் கெட்டால் நேற்றுப் படித்தது மட்டும் போகவில்லை, இன்று படிப்பதும் உள்ளே சரியாக இறங்குவதில்லை.

"எனக்குப் பழகிப்போச்சு டீச்சர், ஆறு மணி நேரம் போதும்" என்று சொல்லும் பிள்ளைகளைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் கவலை. 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 14 நாள் தொடர்ந்து 6 மணி நேரத்துக்கு மேல் படுக்கவிடாமல் சிலரை வைத்துப் பார்த்தார்கள். முடிவில் அவர்களின் கவனமும் நினைவில் பிடித்துவைக்கும் திறனும் ஒரு இரவு முழுக்கத் தூங்காதவர் அளவுக்கோ அதற்கும் கீழேயோ இறங்கியிருந்தன, ஆனால் அவர்களைக் கேட்டால் லேசாகத்தான் தூக்கம் வருகிறது என்றார்கள். தான் எவ்வளவு மழுங்கிப்போயிருக்கிறோம் என்பதே தெரியாமல் போகிறது. இந்த வயதுப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள்.

லபெட்டும் காபியும் இதைச் சரிசெய்யாது. விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேருகிறது, அதுதான் தூக்கத்தை வரவழைக்கிறது. தேயிலையில் இருக்கும் காஃபின், அந்த அடினோசின் போய் ஒட்ட வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். தூக்கம் வருவது தெரியாது, ஆனால் தூக்கத்தில் நடக்க வேண்டிய வேலை நடக்காமலே கிடக்கும். பத்து மணிக்குச் சாப்பிட்ட லபெட்டின் காஃபின் விடியற்காலை மூன்று மணிக்கும் சுமார் பாதி உடம்பில் இருக்கும்.

கரண்ட் பிரச்சினை எனக்கும் தெரியும், என் வீட்டிலும் அதே கதைதான். முறை வைத்து நள்ளிரவில் கரண்ட் வந்தால் வீடே எழுந்துவிடும், மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்ற வேண்டும், சோறு வைக்க வேண்டும், போன், பவர் பேங்க் எல்லாம் சார்ஜ் ஏற்ற வேண்டும். அந்த வெளிச்சத்திலேயே பிள்ளையும் படிக்கட்டும் என்று எழுப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து எழுப்பாதீர்கள். பெரியவர் ஒருவர் எழுந்து வேலையை முடிக்கட்டும், பேன் ஓடுகிற அந்தச் சில மணி நேரம்தான் மார்ச் மாதப் புழுக்கத்தில் பிள்ளை நன்றாகத் தூங்கக்கூடிய நேரம். ராத்திரி கெட்டுப்போனால் மத்தியானம் ஒன்றரை மணி நேரம் படுக்கவிடுங்கள், அந்த அளவு பகல் தூக்கமும் நினைவுக்கு உதவுவதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

நான் பிப்ரவரியிலிருந்து மாலை வகுப்பை ஏழு மணிக்கே முடித்துவிடுகிறேன். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு வகுப்பு வைக்கச் சொல்லிச் சில வீடுகளிலிருந்து கேட்டார்கள், முடியாது என்று சொல்லிவிட்டேன். அதில் வருத்தம் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.