டாக்டர் டூமுக்கு முகமூடி செய்த கதை

காகிதக்கூழில் முகமூடி செய்ய, மார்வெல் காமிக்ஸின் இரும்பு முகமூடி வில்லன் டாக்டர் டூமைத் தேர்ந்தெடுத்ததற்குச் சோம்பேறித்தனம்தான் காரணம். தலைமுடி கிடையாது, உதடு கிடையாது. இரும்புத் தகட்டில் இரண்டு கண் ஓட்டை, வாய்க்கு ஒரு கீறல், சுற்றிலும் ரிவெட்டு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று நினைத்தேன். ஐந்து போயின.

முதல் வாரம்: களிமண்ணில் அச்சு, அதன்மேல் வாசலின், அதன்மேல் மைதா பசையில் நனைத்த செய்தித்தாள் ஆறு அடுக்கு. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், பூச்சி வராது. முகத்தில் மாட்டுகிற சாமானில் விஷம் எதற்கு என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் இடது தாடையைக் கரப்பான் தின்றிருந்தது. மறுபடியும் முதலிலிருந்து, இந்தத் தடவை தண்ணீர் கலந்த ஃபெவிகாலில்.

இரண்டாம் வாரம் செய்ததுதான் பெரிய தப்பு. வில்லன் ஆயிற்றே என்று புருவத்தை நன்றாக நெரித்து, வாயோரத்தைக் கீழே இழுத்து வைத்தேன். சில்வர் பெயிண்ட் காய்ந்ததும் மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "திருஷ்டி பொம்மை மாதிரி இருக்குப்பா."

சரியாகத்தான் சொன்னாள். திருஷ்டி பொம்மை பல்லையும் நாக்கையும் வெளியே காட்டி மிரட்டுகிற ஜாதி. டூம் அந்த ஜாதி இல்லை.

பெயிண்டை மூடி வைத்துவிட்டு பழைய கதைகளைப் புரட்டினேன். எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஜாக் கிர்பியும் 1962-இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' காமிக்ஸின் ஐந்தாம் இதழில் இவனைக் கொண்டுவந்தார்கள். பூர்வகதை 1964 ஆண்டு மலரில் வந்தது. மாணவன் விக்டர் வான் டூம், மறு உலகத்தோடு தொடர்புகொள்ள ஒரு இயந்திரம் கட்டுகிறான். கணக்கில் பிழை இருக்கிறது என்று கூடப் படிக்கும் ரீட் ரிச்சர்ட்ஸ் (பின்னாளில் ஃபென்டாஸ்டிக் ஃபோரின் தலைவன்) எச்சரிக்கிறான். காதில் வாங்கவில்லை. இயந்திரம் வெடித்து முகம் சிதைகிறது, பழி ரீட் தலையில். பிறகு திபெத் மலையில் துறவிகளிடம் போய்க் கவசம் செய்யச் சொல்கிறான். முகமூடி இன்னும் ஆறவில்லை என்கிறார்கள். பரவாயில்லை, மாட்டு என்கிறான்.

முகத்தில் விழுந்தது சின்னத் தழும்புதான் என்பது கிர்பியின் எண்ணம். 1980-களில் அந்தக் காமிக்ஸை எழுதி வரைந்த ஜான் பைர்ன் அதையே கதையாக்கினார்: வெடிப்பில் ஒரு கீறல், மிச்சத்தை எரித்தது அந்தச் சூடான இரும்பு. எனக்கு வயிற்றைக் கலக்கியது இந்த இடம். ஒரு கீறலைப் பொறுக்க முடியாமல் கொதிக்கிற இரும்பில் முகத்தை வைத்தவன் கையில் லாட்வேரியா என்று ஒரு நாடே இருக்கிறது. அவன் கணக்கில் தப்பு வந்தால் யார் வாய் திறப்பார்கள்?

அப்படிப்பட்டவன் தனக்கென்று செய்யச் சொன்ன முகமூடியில் கோபம் எதற்கு? அது கச்சிதமாக இருக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது, நான்காவது வாரம் முழுக்க உப்புத்தாள். புருவத்தை மட்டமாகத் தேய்த்தேன். இடமும் வலமும் ஒத்துவரக் கழுத்து வலி கண்டது. ரிவெட்டுக்குப் பட்டாணிப் பருப்பு, உருண்டைப் பக்கம் வெளியே. முதலில் கருப்பு அக்ரிலிக், காய்ந்தபின் அரைகுறையாக உலர்ந்த தூரிகையில் சில்வர். பள்ளங்களில் கருப்பு தங்கி, நிஜ இரும்பு மாதிரியே வந்தது. கண் ஓட்டை அகலமாகிப்போய் ஏதோ ஆச்சரியப்படுகிறவன் போல இருந்தது. அட்டைத் துண்டு ஒட்டிக் குறுக்கினேன். தோல் தெரியாமல் இருக்கக் கண்ணைச் சுற்றி மனைவியின் கண்மை. அவளுக்குத் தெரியாது.

ஐந்தாம் ஞாயிறு மாட்டிக்கொண்டு நாற்காலியில் சும்மா உட்கார்ந்தேன். மகள் வந்தாள், நின்றாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் பக்கத்தில் வரவில்லை.

"அப்பா, ஏதாவது பேசுப்பா."

உடனே கழற்றிவிட்டேன். நெற்றியெல்லாம் வியர்வை, மூக்குப் பக்கம் காற்று ஓட்டை இன்னும் இரண்டு போட வேண்டும். தலை முக்காட்டுக்குப் பச்சைத் துணி ஒன்றரை மீட்டர் வாங்கியாயிற்று.